அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று கேள்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண் பேசினார். "சார், சர்வர்ல ஓடுற சர்வீஸ்ல எது வேணும், எது வேண்டாம்னு அந்தக் காலத்துல எப்படி முடிவு பண்ணீங்க? ஏதாச்சும் டாக்குமென்ட் இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்குமென்ட் இருக்கிறது. பரண் மேல், பிஸ்கட் டப்பாவில், நூலில் கோர்த்த சிவப்பு அட்டைக் கட்டு. அதில் ஒரே ஒரு அட்டை மட்டும் என் கையெழுத்தில் இல்லை. அந்தப் பெண்ணிடம் போனில் சொல்ல முடியாத கதை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். முதல் ஏழெட்டு வருஷத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பலமுறை ஷாக் அடித்தது, சாகவில்லை.

எலக்ட்ரிக்கல் பிரிவுக்கு அப்போது சூப்பர்வைசர் கோதண்டராம ராஜா. எல்லோருக்கும் ராஜா சார். குரலை உயர்த்தவே மாட்டார். எதைச் சொன்னாலும் "எழுத்துல குடு" என்பார். வயிற்றுவலி என்று லீவு கேட்டால்கூட எந்தப் பக்கம் வலி என்று எழுதித் தர வேண்டும். கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடுவார். "ஏமய்யா" என்று ஆரம்பித்தால் நாங்கள் இரண்டடி பின்னால் நகர்வோம்.

தறி ஷெட்டில் ஒரு பழைய மரப்பலகை. அதில் நாற்பதுக்கு மேல் சுவிட்சுகள். எதற்கும் பெயர் இல்லை. பலகையைப் போட்டவர் அந்த ரகசியத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். எது எதற்கு என்று கண்டுபிடிக்க ராஜா சார் எனக்குச் சொன்ன வழி இது:

"ஏலே சண்முகம், ஒண்ண மட்டும் அணை. அணைச்சிட்டுச் செத்த நேரம் காதத் தீட்டிக்கிட்டு நில்லு. எவன் கத்துறானோ அவன்தான் அதுக்குச் சொந்தக்காரன்."

"ஒருத்தனும் கத்தலன்னா சார்?"

"அப்ப அது எதுக்குலே ஓடிக்கிட்டுக் கெடக்கு?"

கேட்க விளையாட்டாக இருக்கும். செய்முறை கண்டிப்பானது. ஒரு நேரத்தில் ஒரே சுவிட்ச். அதில் ஒரு சிவப்பு அட்டை கட்ட வேண்டும். அட்டையில் "நிறுத்தப்பட்டுள்ளது, கேட்காமல் போடாதே" என்ற வாசகம், தேதி, என் கையெழுத்து. இரண்டு முழு நாள் காத்திருக்க வேண்டும். யாராவது கத்தினால் அவர் பெயரையும் காரணத்தையும் அட்டையின் பின்பக்கம் எழுதிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். கத்தாவிட்டால் கம்பியையே கழற்றிவிடலாம்.

பதினேழாவது சுவிட்சை அணைத்தபோது கம்பெனிக்குள் ஒரு ஈ காக்காய்கூடக் கத்தவில்லை. மறுநாள் சாயங்காலம் கேட்டில் பெரிய ரகளை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய டீக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். "எம்புட்டு வருசமா எரியுத லைட்டு, எவன்யா அணைச்சது?" எங்கள் கரண்டில் அவர் கடை விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் திருடன் மாதிரிப் பேசவில்லை. பில் கட்டியவர் மாதிரி அதட்டினார். ராஜா சார் அட்டையின் பின்பக்கம் அவர் பெயரை எழுதச் சொல்லி, அடியில் தானே ஒரு வரி சேர்த்தார்: "வெளியாள்தான் அதிகம் கத்துவான்."

தொண்ணூறுகளில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை யார் பார்ப்பது என்று கேள்வி எழுந்தபோது, "ரெண்டுக்கும் பிளக்கு ஒண்ணுதான" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். ராஜா சார் அதற்குள் மேனேஜராகிவிட்டார். ஏற்றுமதியும் அவர் கையில். தொண்ணூறுகளின் கடைசியில், தொலைபேசித் துறைக்கு நடையாய் நடந்து ஒரு தனி இன்டர்நெட் லைன் வாங்கினோம். கம்பெனிக்கு வெப்சைட், மெயில், ஆபீஸ் வேலை எல்லாம் ஒரே மெஷினில். லினக்ஸ் போட்டேன். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. போடும்போது "எல்லாவற்றையும் நிறுவவா?" என்று கேட்டது. சும்மா வருவதை ராஜபாளையத்தில் எவன் வேண்டாம் என்பான்? எல்லாவற்றையும் நிறுவினேன். இந்தக் கதையில் நடந்த தப்பு அந்த ஒரு நிமிஷத்தில் நடந்தது. செய்தவன் நான்.

அதில் ஃபிங்கர் என்று ஒரு வசதி இருந்தது. ஒருவர் பெயரை அடித்தால், அவர் இப்போது மெஷினில் இருக்கிறாரா, கடைசியாக விசையைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும். அவர் தன் கணக்கில் பிளான் என்று ஒரு கோப்பு எழுதி வைத்திருந்தால் அதையும் கீழே காட்டும். எனக்கு ஒரே சந்தோஷம். ராஜா சார் அன்றன்றைய வேலைத் திட்டத்தை ஷெட் வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவது வழக்கம். இனி காலையில் கம்ப்யூட்டரில் எழுதினால் போதும், தறி, சலவை, பேக்கிங் எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம் என்றேன். அவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அதன்பின் தினமும் தந்தி பாணி ஆங்கிலத்தில் எழுதினார். இத்தனை லாட் தேங்கிக் கிடக்கிறது, கோடவுனில் இடமில்லை, இந்த வாரம் எப்படியாவது அனுப்பியாக வேண்டும் என்று மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்.

இப்போது ராஜா சாரின் மதியத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றரை மணிக்கு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்வார். மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் எழுவார். எழுந்ததும் முகம் கழுவுமுன் கம்ப்யூட்டரில் என்டர் விசையை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். இது கம்பெனி முழுக்கத் தெரியும். கம்பெனியில் யாரும் சொல்ல மாட்டோம். அந்த நேரத்தில் வருகிற போனுக்கெல்லாம், "சார் ரவுண்ட்ஸ்ல இருக்காவ" என்று பதில் சொல்வது டெலிபோன் ஆபரேட்டர் ஜெபமணி அக்காவின் வேலை.

ஜெபமணி அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். வ. புதுப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராஜபாளையத்துக்கு இன்னொரு பஸ். இரண்டாவது பஸ்ஸில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரனான நானும் ஏறுவேன். ஜன்னலோரத்தில் டிபன் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். வழி முழுக்க என்னைக் கேலி பண்ணுவதற்கு அது வாடகை. மூத்த மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம். அக்காவின் கணவருக்கு முதுகில் கோளாறு, லாரி ஓட்டுவதை விட்டாயிற்று. வீட்டில் வருகிற சம்பளம் அக்காவுடையது மட்டும்தான்.

எங்களிடம் துணி வாங்குகிற பெரிய வியாபாரி ஒருவர் ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் இருந்தார். அக்கா வைத்த பெயர் ஹாம்பர்க் துரை. அந்தத் துரையின் போன், ராஜா சார் தூங்கி எழுந்த ஐந்தாவது நிமிஷம் வரும். மூன்றேகாலுக்கு எழுந்தால் மூன்று இருபதுக்கு. நாலு மணிக்கு எழுந்தால் நாலு ஐந்துக்கு. வந்ததும், "நன்றாக ஓய்வெடுத்தீர்களா?" என்பார். பிறகு, "எனக்கு அவசரமில்லை, மாசக் கடைசிகூட ஆகட்டும்" என்று விலையைக் குறைத்துக் கேட்பார். கோடவுன் நிறைந்து வழிகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி.

ராஜா சார் யோசித்தார். தான் எழுந்தது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆபரேட்டருக்குத்தான் கேட்கும். துரையிடம் முதலில் பேசுவதும் ஆபரேட்டர்தான். போதாததற்கு, கிறிஸ்துமஸுக்குத் துரை அக்கா பெயர் போட்டு ஒரு சாக்லேட் டப்பா அனுப்பியிருந்தார். ஒரு திங்கட்கிழமை அக்காவுக்கு மெமோ வந்தது. கம்பெனி ரகசியத்தை வெளியாளுக்குச் சொன்னதாகக் குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் வேலை போகும்.

நான் என்ன செய்தேன் என்பதை மழுப்பாமல் சொல்கிறேன். அந்தச் சாக்லேட்டில் எனக்கும் இரண்டு கொடுத்திருந்தார் அக்கா. அதைத் தின்ற வாயை வைத்துக்கொண்டு, "இருக்குமோ" என்று பாதி நம்பினேன். செவ்வாய்க்கிழமை முந்தின பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன். புதன்கிழமையும்.

அதே திங்கட்கிழமை, இன்டர்நெட் லைன் கொடுத்தவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. உங்கள் மெஷினில், இன்டர்நெட்டிலிருந்து யாரும் தட்டக்கூடிய தேவையில்லாத கதவுகள் நிறையத் திறந்து கிடக்கின்றன, மூடுங்கள் என்று. ராஜா சார் கூப்பிட்டார்.

"எத்தனை கதவுலே?"

"இருபதுக்கு மேல சார்."

"எது வேணும், எது வேண்டாம்?"

"தெரியல சார்."

"ஏமய்யா, நம்ம பழைய போர்டுதான இது? ஒண்ணொண்ணா அணை. அட்டையக் கட்டு. எழுத்துல வை."

செய்முறை அப்படியே பொருந்தியது. லினக்ஸில் ஐநெட்-டி என்று ஒரு வாட்ச்மேன் உண்டு. அவனிடம் ஒரு நோட்டு. அதில் ஒரு வரிக்கு ஒரு சர்வீஸ். எந்த எண்ணுள்ள கதவைத் தட்டினால் யாரை எழுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி போட்டால் அந்த வரி அவன் கண்ணில் படாது. குறியைப் போட்டபின், நோட்டைத் திரும்பப் படி என்று அவனுக்கு ஒரு சிக்னல் அனுப்ப வேண்டும். இதை மறந்தவர்கள் குறியைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். கதவு திறந்தே கிடக்கும். அதன்பின் எந்தெந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று மெஷினிடமே பட்டியல் கேட்க வேண்டும். அதையும் நம்பாமல், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் மெஷின் தலையில் ஒரு சிவப்பு அட்டை. ஒரு நேரத்தில் ஒன்று, இரண்டு நாள் என்ற விதியை மட்டும், கடிதம் அவசரம் என்பதால், காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று தளர்த்திக்கொண்டேன்.

மணி சொல்கிற சர்வீஸ், சொன்னதைத் திருப்பிச் சொல்கிற சர்வீஸ் இரண்டையும் மூடினேன். சத்தமே இல்லை. பிரின்டர் சர்வீஸை மூடியதும் பேக்கிங்கிலிருந்து பத்தே நிமிஷத்தில் ஆள் ஓடிவந்தார், திறந்துவிட்டேன். டாக் என்று ஒன்று, திரையில் எழுத்தால் அரட்டை அடிப்பதற்கு. அதை மூடியதும் தறி கிளார்க் வந்து நின்றார். ஆனால் காரணம் சொல்லத் தயங்கினார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். போய்விட்டார்.

புதன் சாயங்காலம் ஃபிங்கர் முறை. நான் பெருமையாகக் கொண்டுவந்த வசதி, வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மெஷினுக்குள் நுழைந்து வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு இந்த வாட்ச்மேன் தேவையில்லை. கதவை மூடினாலும் உள்ளேயிருந்து ராஜா சாரின் பிளானைப் படிக்கலாம். அது வெளியிலிருந்து தட்டுகிறவர்களுக்கு மட்டுமான கதவு. வெளியிலிருந்து யார் தட்டப் போகிறார்கள் என்று நினைத்தபடி ஹாஷ் குறியைப் போட்டு, அட்டையைக் கட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்து. ராஜா சார் துண்டுக்குள் நல்ல தூக்கம். என் எக்ஸ்டென்ஷன் அடித்தது. மூன்று நாளாக என்னோடு பேசாத ஜெபமணி அக்கா.

"ஹாம்பர்க் துரை லைன்ல இருக்காரு. மேனேஜர் வேண்டாமாம். கம்ப்யூட்டர் ஆளு வேணுமாம். நான் ஏதும் சொல்லிக் குடுத்தேன்னு பொறவு அதுக்கும் ஒரு மெமோ வாங்கித் தராத" என்று சொல்லிவிட்டு லைனைக் கொடுத்தார்.

துரை கொஞ்சம் கடுப்பாக இருந்தார். உங்கள் ஃபிங்கர் சர்வீஸ் நேற்றிலிருந்து பதில் சொல்லவில்லை. தினமும் காலையில் ஆபீஸுக்கு வந்ததும் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். மிஸ்டர் ராஜா இடத்தில் இருக்கிறாரா, சரக்கு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நான் எப்படி போன் செய்வது? எப்போது சரியாகும்?

எனக்கு டீக்கடைக்காரர் ஞாபகம் வந்தது. அதே அதட்டல். பில் கட்டியவர் குரல்.

ராஜா சாரிடம் இத்தனை வருஷம் வேலை பார்த்தது வீண் போகவில்லை. பணிவாகச் சொன்னேன்: "மன்னிக்க வேண்டும் ஐயா. எங்கள் கம்பெனியில் புகார்களை எழுத்தில் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வோம். என்ன வசதி, எத்தனை நாளாகப் பயன்படுத்துகிறீர்கள், என்னென்ன தெரிந்துகொள்வீர்கள், எல்லாவற்றையும் விவரமாக ஒரு பேக்ஸ் அனுப்ப முடியுமா?"

அவருக்குக் கோபம் போய்ச் சந்தோஷமே வந்துவிட்டது. "நல்ல முறை" என்றார்.

அரை மணியில் ஆபரேட்டர் அறையில் பேக்ஸ் ஓடியது. ஒன்றரைப் பக்கம், எண் போட்டு. வாடிக்கையாளர்களுக்காக நீங்கள் ஏற்படுத்திய இந்த வசதியை எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். வேறு எந்தக் கம்பெனியும் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. தேங்கிய சரக்கு நிலவரம் தினமும் தெரிகிறது. மேலும், மிஸ்டர் ராஜா தினமும் சுமார் இரண்டு மணி நேரம் விசையைத் தொடுவதில்லை என்பது தெரிவதால், அவர் ஓய்வைக் கெடுக்காமல், அவர் விசையைத் தொட்டதைப் பார்த்தபின் அழைக்கிறேன். தயவுசெய்து மீண்டும் திறக்கவும்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். முதல் தடவை கண் கலங்கியது. இரண்டாவது தடவை, ஓய்வைப் பற்றிய வாக்கியத்தில் ஆரம்பித்த சிரிப்பு நிற்கவே இல்லை. வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறாரே.

"எழுப்புவமா?" என்றேன்.

"வேண்டாம் தம்பி. ஓய்வக் கெடுக்கக் கூடாது. துரையே கெடுக்கல."

மூன்று முப்பத்தைந்துக்கு என்டர் விசை தட்டுகிற சத்தம் கேட்டது. இருவரும் உள்ளே போனோம். பேக்ஸைப் படித்தார் ராஜா சார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். தெலுங்கு வரும் என்று நான் தயாராக நின்றேன். வரவில்லை.

"எல்லாத்தையும் நிறுவுனது நான்தான் சார்" என்றேன். "அந்தக் கதவு எட்டு மாசமா தெறந்து கெடந்தது என் தப்பு. அக்காவுக்கு இதுல ஒண்ணும் கெடையாது."

"எவன் கத்துனான்?"

"துரைதான் சார்."

"அப்ப அவன்தான்." கையை நீட்டினார். "ஜெபமணி, அந்த மெமோவக் குடும்மா. கிழிச்சிருதேன்."

அக்கா மெமோவைக் கைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். "சார், என்கிட்ட விளக்கம் எழுத்துல கேட்டிய. எனக்கும் எழுத்துலதான் வேணும். கம்பெனி பூராவும் என்னைய ஒரு மாதிரி பாத்துச்சி. கம்பெனி பூராவும் படிக்கணும்."

ராஜா சார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலை, தறி, சலவை, பேக்கிங் எல்லா இடத்திலும் ஆட்கள் திரையைச் சுற்றி நின்றார்கள். அன்றைய பிளான் இதுதான். ஒன்று: ஜெபமணி மேல் தப்பு இல்லை. மெமோ ரத்து. மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டு: தப்பு சர்வரில். திறந்து வைத்தது சண்முகம், திறந்த கதவு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதியது நான். மூன்று: இனி மதியம் ஒன்றரை மணிக்கு நான் கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறிவிட்டே தூங்குவேன். நாலு: சலவை ஷெட் பம்ப் இரண்டு ரிப்பேர்.

தூங்குவேன் என்று எழுத்தில் கொடுத்த மேனேஜரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்த வாரமே சரக்கு எங்கள் விலைக்குப் போயிற்று. துரை அதன்பின் குருட்டாம்போக்கில் ஒன்றே முக்காலுக்கும் இரண்டரைக்கும் போன் செய்ய ஆரம்பித்தார். "சார் ரவுண்ட்ஸ்ல இருக்காவ" என்று அக்கா தேன் ஒழுகச் சொல்வார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பிளான் வந்த மறுநாள், சனிக்கிழமை, வழக்கமான பஸ்ஸிலேயே ஏறினேன். ஜன்னலோரத்தில் டிபன் பை இல்லை. அக்கா வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், நின்றுகொண்டே போனேன். ஆபீஸில் என் எக்ஸ்டென்ஷன் செத்துக் கிடந்தது. லைன் கோளாறு என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமையும் சத்தமில்லை. மதுரையிலிருந்து ஒரு முக்கியமான போன் வர வேண்டியிருந்தது. மத்தியானம் பொறுமை போய், ஆபரேட்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கத்தினேன்.

"ரெண்டு நாளா என் லைனு என்னாச்சிக்கா? கேக்க ஆளு கெடையாதா?"

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவிட்ச்போர்டைக் காட்டினார். என் எண்ணுக்கு நேராக ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. "நிறுத்தப்பட்டுள்ளது, கேட்காமல் போடாதே." தேதி. ஜெபமணி என்று கையெழுத்து.

"சும்மா அணைச்சிப் பாத்தேன் தம்பி, யாரு கத்துதாங்கன்னு" என்றார். அட்டையை அவிழ்த்து, பின்பக்கத்தில் என் பெயரை எழுதி, லைனைத் திரும்பப் போட்டார். பிறகு அட்டையை என் கையில் கொடுத்தார்.

"ஒன் லைன அணைச்சா ரெண்டாம் நாளே கத்துத. போன திங்கக்கெழம என் வேலைய அணைச்சாங்களே. நீ கத்தலியே."